செஞ்சிச் சீமையின் கோடைத் தோட்டங்களும் அவற்றை நாடி வந்த பறவைகளும்

செஞ்சிச் சீமையில் மாசி முடிவதற்குள் கோடை தலைகாட்டிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பிய ஏரிகள் பங்குனியில் சேறாகிச் சித்திரையில் வெடிப்பு விடும். இங்குள்ள குன்றுகள் பெரும்பாலும் உருண்டைக் கருங்கற்பாறைகளின் குவியல்கள். பகலில் வாங்கிய வெப்பத்தை அவை பொழுது சாய்ந்த பிறகும் உமிழ்ந்துகொண்டிருக்கும். செஞ்சியாறு, வராக நதி, சங்கராபரணி என்று மூன்று பெயர்களில் வழங்கும் ஆறு இந்தக் காலத்தில் வெறும் மணல். இப்படிப்பட்ட நிலத்தில் மரநிழலும் நீரும் சேர்ந்திருந்த இடம் மனிதருக்கும் பறவைக்கும் ஒரே வேளையில் தேவைப்பட்டது. கோயில் நந்தவனம், அரண்மனைத் தோட்டம், ஊர்த் தோப்பு, கிணற்றடிக் கொல்லை ஆகிய நான்கும் இந்த வட்டாரத்தின் கோடைத் தோட்டங்கள். நான்கிலும் பறவைகள் வந்தன. ஆனால் நான்கிலும் அவற்றுக்கு ஒரே வரவேற்பு இருக்கவில்லை.

தோட்டத்தின் வரலாற்றை எழுதுவதில் ஓர் இடர் உண்டு. கோட்டையும் கோயிலும் நிற்கும். மரமும் கொடியும் ஒரு நூற்றாண்டு தாண்டுவது அரிது. ஆகவே பழைய தோட்டங்களை, அவற்றுக்கு நீர் வந்த வழிகளைக் கொண்டும், நிலக்கொடை சொல்லும் கல்வெட்டுகளைக் கொண்டும், ஊர்ப்பெயர்களையும் பறவைப் பெயர்களையும் கொண்டுமே அறிய வேண்டியிருக்கிறது.

பாறையும் ஏரியும்

செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் உள்ள மண்டகப்பட்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைவித்த கோயில் இருக்கிறது. பிரம்மா, ஈசுவரன், விஷ்ணு மூவருக்கும் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் விசித்திரசித்தன் என்ற பட்டப்பெயர் கொண்ட அந்த மன்னன் இலட்சிதாயதனம் என்ற இந்தக் கோயிலை எடுத்தான் என்பது அங்குள்ள வடமொழிக் கல்வெட்டின் செய்தி. அதுவரை கட்டடங்கள் எந்தப் பொருள்களால் ஆயின என்பதை இந்த மறுப்புப் பட்டியலே காட்டிவிடுகிறது. மரத்தாலும் செங்கல்லாலும் எழுந்தவை மறைந்தன. பாறையில் குடைந்தது நின்றது. பல்லவர் காலத் தோட்டங்களைப் பற்றி ஏன் இவ்வளவு குறைவாகத் தெரிகிறது என்ற கேள்விக்கும் விடை அதுவே.

ஆனால் குடைவரையோடு நீரும் சேர்ந்தே வந்தது. மகேந்திரவாடியில் அவன் குடைவித்த விஷ்ணு கோயில் மகேந்திர தடாகத்தின் கரையில் உள்ளது. மாமண்டூர்க் குன்றை ஒட்டிச் சித்திரமேக தடாகம் இருக்கிறது. குன்றில் விழும் மழை பாறையில் தங்காமல் வழிந்து அடிவாரத்துக்கு ஓடிவரும். அங்கே கரை போட்டால் ஏரி. வட தமிழகத்தின் ஏரிகள் பல இவ்வாறு உண்டானவை. ஏரிக் கரையில் வேம்பும் புளியும் ஆலும் பனையும் நின்றன. நீர் வற்றிய பின்னும் கரையடியில் ஈரம் இருக்கும். வெயில் காலத்தில் கரைமரங்களே பறவைகளுக்குப் புகலிடம்.

பல்லவருக்கு முன்பே இப்பகுதியின் ஒரு பாகம் ஓய்மாநாடு என்று பெயர் பெற்றிருந்தது. அதன் தலைவன் நல்லியக்கோடனை இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை, அவனுடைய கிடங்கில் நகருக்குப் போகும் வழியைச் சொல்கிறது. கிடங்கில் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதி. அந்தப் பாட்டு காட்டும் வழியில் தாமரைக் குளமும், மீனுக்குப் பாயும் நீலநிறச் சிரலும் வருகின்றன. சிரல் என்பது மீன்கொத்தி. பாணர்கள் நடந்த வழியில் நீர்நிலையும் பறவையும் ஊரின் வளத்துக்கு அடையாளமாக நின்றதை இது காட்டுகிறது.

நந்தவனம்

சோழர் காலத்திலிருந்து கோயில் தோட்டங்களைப் பற்றிய சான்று பெருகுகிறது. கோயிலுக்குப் பூ வேண்டும். பூவுக்குத் தோட்டம் வேண்டும். தோட்டத்துக்கு ஆளும் நீரும் வேண்டும். இந்த மூன்றுக்குமாக விடப்பட்ட நிலம் கல்வெட்டுகளில் திருநந்தவனப்புறம் எனப்படுகிறது. சாமிக்குச் சாத்தும் மாலை திருப்பள்ளித்தாமம். தோட்டத்தில் வேலை செய்தோர் நந்தவனக் குடிகள். செங்கழுநீர் வளர்க்கத் தனி ஓடையோ குளமோ ஒதுக்கிய கொடைகளும் உண்டு. பூவைத் தருவது மழைக்காலத்தில் எளிது. சித்திரை வைகாசியிலும் மாலை தவறாதிருக்க வேண்டும் என்பதாலேயே கிணறும் ஆளும் சேர்த்து எழுதி வைக்க வேண்டியிருந்தது. ஊரே காய்ந்து கிடக்கும் காலத்திலும் நாள்தோறும் நீர் பாய்ந்த இடம் நந்தவனம்.

நந்தியாவட்டை, அலரி, மல்லிகை, பவழமல்லி, செண்பகம், மகிழம், வில்வம், துளசி என்பவை இத்தோட்டங்களின் வழக்கமான செடிகளும் மரங்களும். பறவைகளில் முதலில் வருவது தேன்சிட்டு. செம்பருத்தியின் அடிப்பக்கத்தைக் குத்தித் தேனை உறிஞ்சும். மதிலோரக் கொடியில் தொங்கு கூடு கட்டும். பெரிய இலைகளை நாராலும் சிலந்தி நூலாலும் தைத்துக் கூடு அமைப்பது தையல்சிட்டு. கீழே விழுந்த சருகைப் புரட்டித் தவிட்டுக்குருவிக் கூட்டம் பூச்சி தேடும். விடியலில் கோபுரத்தின் மீதோ மகிழமரத்தின் உச்சியிலோ உட்கார்ந்து குண்டுகரிச்சான் நீளமாகச் சீட்டியடிக்கும். இது பாடுவது கோடை மாதங்களில்தான் அதிகம், ஏனெனில் அதுவே அதன் கூடுகட்டும் பருவம். கிளிகள் தங்குவது கோபுரப் பொந்துகளில். நந்தவனத்தில் விற்பனைக்குக் காய்கனி இல்லை. ஆகவே இங்கே பறவையை விரட்ட வேண்டிய அவசியம் எழவில்லை. பூவைக் கொய்யும் வேலைக்கு இடையூறு செய்யாதவரை யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

கோடையையே விழாவாக்கிக்கொண்ட வழக்கமும் கோயில்களில் இருந்தது. வசந்த உற்சவத்தின்போது உற்சவ மூர்த்தி கருவறையின் புழுக்கத்தை விட்டுத் தோட்டத்து மண்டபத்தில் எழுந்தருள்வார். சந்தனமும் பன்னீரும் விசிறியும் நீராழியும் அந்த விழாவின் பகுதிகள். ஸ்ரீரங்கத்தில் கோடைத் திருநாள் என்றே ஒரு விழா உண்டு. இவ்வகை மண்டபங்களில் பெரியது மதுரையில் திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் எழுப்பிய புது மண்டபம். வசந்த மண்டபம் என்பது அதன் மற்றொரு பெயர். மண்டபத்தைச் சுற்றி நீர் நிற்க அகழி போன்ற பள்ளம் அமைத்துக் குளிர்ச்சி உண்டாக்கினார்கள். வெயிலை எதிர்கொள்ள நீரைச் சுற்றிலும் நிறுத்துவது அந்தக் காலத்து அரண்மனைகளும் கையாண்ட முறை.

கோட்டைக்குள் ஏறிய நீர்

இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்து எழுந்தது செஞ்சிக் கோட்டை. கோன் மரபினர் தொடங்கியதாகச் சொல்லப்படும் இக்கோட்டை விஜயநகரத்தின் கீழும் பிறகு நாயக்கர்களின் கையிலும் விரிந்தது. 1597இல் இங்கே வந்த ஏசு சபைப் பாதிரியார் நிக்கலாஸ் பிமெந்தா, தாம் இந்தியாவில் கண்ட பெரிய நகரங்களில் ஒன்றாக இதைக் கருதினார். லிஸ்பனைத் தவிர்த்தால் போர்த்துகலில் இதற்கு ஈடான ஊர் இல்லை என்பது அவர் மதிப்பீடு. அப்போது ஆண்டவர் கிருஷ்ணப்ப நாயக்கர்.

அவ்வளவு பெரிய ஊரைக் கோடையில் காப்பாற்றியவை குளங்கள். இராஜகிரியின் அடியில் செட்டிக்குளமும் சக்கரக்குளமும், உள்கோட்டையில் ஆனைக்குளமும் உள்ளன. குன்றின் மேலேயே பாறைப் பிளவுகளில் ஊறும் சுனைகளும் இருக்கின்றன. உள்கோட்டையின் கல்யாண மகால், சதுர முற்றத்தின் நடுவே கூம்புக் கூரையோடு அடுக்கடுக்காக உயரும் மாடம். ஒவ்வொரு நிலையிலும் ஒரு சிறிய அறை, அதைச் சுற்றி வளைவுகள் திறந்த தாழ்வாரம். எந்தத் திசையில் காற்று வீசினாலும் உள்ளே வரும். வெளியே இருந்த நீர்நிலையிலிருந்து சுடுமண் குழாய் வழியாக மாடத்தின் மேல்நிலைகளுக்கு நீரைக் கொண்டுபோன ஏற்பாட்டின் தடயமும் இங்கே கிடைத்திருக்கிறது. நீர் மட்டம் உயர்ந்த இடத்தில் இருந்தால் மூடிய குழாயில் அது தானே ஏறும் என்ற எளிய விதியே இதன் அடிப்படை. காற்றுக்குத் திறந்த அறை, மேலேறும் நீர், கீழே முற்றம் என்று பார்த்தால் கல்யாண மகால் வெயிலை மனத்தில் வைத்தே கட்டப்பட்டது என்பது தெரியும்.

அரண்மனைத் தோட்டத்தில் பறவை அழகுப் பொருள். நாயக்கர் காலத் தூண் சிற்பங்களில் பெண்களின் கையிலும் தோளிலும் கிளி உட்கார்ந்திருப்பது வழக்கமான காட்சி. கூண்டுக் கிளியும் பேசும் மைனாவும் செல்வத்தின் அடையாளங்கள். ஆனால் கூண்டில் இருந்தவை சில. குளத்துக்கும் மாமரத்துக்கும் தாமாக வந்தவை பல.

1649இல் பீஜப்பூர்ப் படை செஞ்சியைப் பிடித்தது, 1677இல் சிவாஜி, 1690 முதல் 1698 வரை சிவாஜியின் மகன் இராஜாராம் உள்ளேயும் முகலாயர் வெளியேயுமாக நீண்ட முற்றுகை. அதன் பின் முகலாயர் சார்பில் சரூப் சிங்கும், அவர் மகன் தேஜ் சிங் என்ற தேசிங்கும் வந்தார்கள். 1714இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானோடு நடந்த போரில் தேசிங்கு இறந்தார். ஆட்சியின் மையம் ஆர்க்காட்டுக்கு நகர, தோட்டம் போடும் செல்வமும் அங்கே போயிற்று. ஆர்க்காட்டுக்கு எதிர்க்கரையில் உள்ள இராணிப்பேட்டை, தேசிங்கோடு உடன்கட்டை ஏறிய அவர் மனைவியின் நினைவாகப் பெயர் பெற்றது என்பது வழக்கு. அதன் அருகே நவாபுகளின் தோட்டமாக இருந்த நவ்லாக், பிற்காலத்தில் அரசின் பண்ணையாயிற்று.

செஞ்சியை 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் கைப்பற்றினர். நோய் மிகுந்த ஊர் என்று ஐரோப்பியப் படைகளிடையே அதற்குப் பெயர் இருந்தது. வேங்கடரமணர் கோயிலின் அழகிய தூண்கள் சில புதுச்சேரிக்கு எடுத்துச் செல்லப்பட்டன. இன்றும் கடற்கரையில் அவை நிற்கின்றன. 18ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் கோட்டை ஆளற்றுப் போயிற்று. தோட்டக்காரன் கைவிட்ட இடத்தில் காரையும் சூரையும் கள்ளியும் முளைத்தன. மயிலும் கௌதாரியும் செம்போத்தும் அதில் குடியேறின. அரண்மனைத் தோட்டத்தின் முடிவு அது. பறவைகளுக்கு அது முடிவாக இல்லை.

புதுச்சேரி வழியே போன பெயர்கள்

செஞ்சியாறு புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் சேர்கிறது. அந்தத் துறைமுக நகரத்திலிருந்தே இந்த வட்டாரத்துப் பறவைகள் பலவற்றின் பெயர்கள் ஐரோப்பாவுக்குப் போயின.

தொடக்கம் சென்னையில். செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் மருத்துவர் எட்வர்டு பக்லி, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊரில் கண்ட பறவைகளின் ஓவியங்களை லண்டனில் இருந்த ஜேம்ஸ் பெட்டிவருக்கு அனுப்பினார். ஜான் ரே எழுதி 1713இல் வெளிவந்த பறவை நூலின் பின்னிணைப்பாக அவை அச்சாயின. இந்தியப் பறவைகளின் தொகுப்பாக அச்சேறிய முதல் முயற்சிகளில் அது ஒன்று. வாய்க்கால் ஓரமாக வாலை ஆட்டி நடக்கும் வெண்புருவ வாலாட்டியின் அறிவியல் பெயர் 'மதேராஸ்படென்சிஸ்' என்று முடிவது சென்னைப்பட்டினத்தின் நினைவு.

புதுச்சேரியின் பங்கு இன்னும் பெரிது. பிரெஞ்சு இயற்கையியலாளர் பியேர் சொன்னெரா இந்தியாவிலும் சீனாவிலும் தாம் செய்த பயணங்களைப் பற்றி 1782இல் வெளியிட்ட நூலில் இக்கரையின் பறவைகள் பலவற்றை வருணித்தார். காட்டுக்கோழியின் பெயரில் அவர் பெயர் இன்றும் ஒட்டியிருக்கிறது. லின்னேயசின் வகைப்பாட்டை விரித்து எழுதிய கிமெலின், 1789இல் கௌதாரிக்கு 'பாண்டிசேரியானஸ்' என்று பெயரிட்டார். செஞ்சிக் கொல்லைகளின் வரப்பிலிருந்து குடும்பத்தோடு கிளம்பி ஓடும் அந்தப் பறவை உலகப் பறவை நூல்களில் புதுச்சேரியின் பெயரைச் சுமக்கிறது. தோப்புகளில் இலைப்பூச்சி பொறுக்கும் சாம்பல் நிறச் சிறு குருவி ஒன்றுக்கும் இதே பெயர் உண்டு. மாட்டின் பின்னாலேயே திரியும் உண்ணிக்கொக்கும், ஏரித் தாமரை இலைகளுக்கிடையே நீந்தும் குள்ளத்தாராவும் சோழமண்டலக் கரையின் பெயரைத் தாங்கியவை. இப்படிப் பெயர் பெற்றவற்றில் பல, ஆழ்ந்த காட்டில் அல்லாமல் தோட்டத்திலும் வயலிலும் ஏரியிலும் பார்க்கக் கிடைப்பவை என்பது கவனிக்கத்தக்கது. துறைமுகத்தில் தங்கியவர்கள் தங்கள் கண்ணுக்கு எட்டியதையே எழுதினார்கள்.

புதுச்சேரியில் 1826இல் தாவரவியல் பூங்கா உருவாயிற்று. 1816இல் இந்தியாவுக்கு வந்த தாவரவியலாளர் லெஷெனோ த லா தூர் இப்பணியில் முன்னோடி. பஞ்சுருட்டான் வகை ஒன்று அவர் பெயரால் வழங்குகிறது. சென்னைப் படையில் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன் 1862 முதல் 1864 வரை வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய நூலில், உள்ளூர் மொழிகளில் வழங்கிய பெயர்களையும் சேர்த்துக் கொடுத்தார்.

ஊராரிடம் இருந்த பெயர்களில் ஒன்றுக்குத் தனிக் கதை உண்டு. பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு எனப் பல நிறம் கொண்ட ஒரு சிறு பறவை வடக்கேயிருந்து புரட்டாசியில் வந்து தோட்டத்து நிழலில் சருகு கிளறித் திரியும். காலையும் மாலையும் ஏறத்தாழ ஆறு மணிக்கு இரட்டைச் சீட்டியாகக் கூவுவதால் அது ஆறுமணிக் குருவி. கண்ணுக்குப் படாமல் புதருக்குள் ஒளிவதால் தோட்டக்கள்ளன் என்றும் சொல்வர். அறிவியலில் அதன் இனத்துக்கு 'பிட்டா' என்று பெயர். தெலுங்கில் குருவியைக் குறிக்கும் பொதுச்சொல் அது. சித்திரையில் வெயில் முற்றும்போது இப்பறவை மீண்டும் வடக்கே போய்விடும்.

தோப்பும் கவலையும்

அரண்மனையும் நந்தவனமும் சிலருக்குரியவை. பெரும்பாலோருக்குக் கோடைத் தோட்டம் என்றால் தோப்புதான். மா, புளி, இலுப்பை, தென்னை, பனை என்று ஊருக்கு ஊர் தோப்பு மாறும். வழிப்போக்கருக்கு நிழலும் நீரும் வேண்டித் தோப்பு வைப்பதும், அதன் நடுவில் கிணறு வெட்டுவதும், சாலையோரத்தில் தண்ணீர்ப் பந்தல் வைப்பதும் அறமாகக் கருதப்பட்டன. தண்ணீர்ப் பந்தலுக்கு நிலம் விட்ட செய்திகள் சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே உண்டு. இந்தத் தோப்புகள் பிற்கால வருவாய்க் கணக்குகளில் இனாம் நிலங்களாக இடம் பெற்றன.

தோப்பின் பறவைகளை மாதவாரியாகச் சொல்லிவிடலாம். மாசியில் மா பூத்திருக்கும். பூவுக்கு ஈயும் வண்டும் வரும். அவற்றுக்காகக் குருவிகள் வரும். மஞ்சள் உடலும் கரிய கண்பட்டையும் கொண்ட மாங்குயில் இந்த மரத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. குளிர்காலத்தைத் தெற்கே கழித்துவிட்டுக் கோடைத் தொடக்கத்தில் அது கிளம்பும். முள்ளிலவு சிவக்கப் பூக்கும்போது மைனா, காக்கை, கரிச்சான் எல்லாம் அதில் மொய்க்கும். சோளமும் கம்பும் விளைந்த கொல்லைகளில் கூட்டமாக இறங்கிய சூறைக்குருவிகளும் போகிற போக்கில் அந்தப் பூவில் தேன் குடித்துப் போகும்.

பங்குனியில் வேம்பு துளிர்க்கும்போது குயில் கூவத் தொடங்கும். ஆண் கறுப்பு, பெண் பழுப்பில் வெண்புள்ளி. காக்கை கூடு கட்டும் காலமும் அதுவே என்பதால் குயில் தன் முட்டையைக் காக்கைக் கூட்டில் இடுகிறது. கோடைத் தோப்பில் ஓயாமல் கேட்கும் சண்டைக் குரலுக்குக் காரணம் இதுதான். குக்குறுவான் நண்பகலிலும் நிறுத்தாது. செம்புத் தகட்டைத் தட்டுவது போன்ற அதன் ஒலி வெயில் ஏற ஏற நீளும். பட்டுப்போன முருங்கைக் கிளையில் துளையிட்டு அது குடியிருக்கும். தலை முறிந்த பனையின் பொந்தில் பனங்காடையும் கிளியும் போட்டியிட்டுக் கொள்ளும். வைகாசி, ஆனியில் அத்தியும் ஆலும் நாவலும் பழுக்க, கொண்டைக்குருவிகளும் கிளிகளும் கூடும். முதல் கோடை இடியோடு சுடலைக்குயிலின் குரல் கேட்கும். தூக்கணாங்குருவி கிணற்றின் மேல் சாய்ந்த ஈச்சமரத்திலோ பனையோலையிலோ கூடு பின்னத் தொடங்கினால் மழைக்காலம் அண்மையில் என்று பொருள்.

தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவருக்கு இதெல்லாம் இன்பமாக மட்டும் இருக்கவில்லை. மா காய் பிடித்ததிலிருந்து அறுப்பு வரை தோப்பில் குடிசை போட்டுக் காவல் இருப்பார்கள். கிளிக்குக் கவண், வௌவாலுக்குத் தகர டப்பா ஓசை. தினைப்புனத்தில் பரண் மீதிருந்து கிளி ஓட்டிய சங்ககாலத்துக் காவலின் தொடர்ச்சி இது. ஆனால் அந்தக் காவலுக்கும் எல்லை இருந்தது. உச்சிக் கிளையில் எட்டாத பழம் பறவைக்கு என்று விடுவது வழக்கம். அறுவடை முடிந்ததும் நெற்கதிரைக் குஞ்சமாகப் பின்னித் தாழ்வாரத்தில் தொங்கவிட்டுச் சிட்டுக்குருவிகளைக் கொத்த விட்டார்கள்.

தோப்பையும் கொல்லையையும் கோடையில் பச்சையாக வைத்திருந்தது கவலை. கிணற்று மேட்டில் உருளை. அதன் மேல் ஓடும் வடக்கயிற்றின் ஒரு நுனியில் சால், மறு நுனியில் ஓரிணை மாடு. மாடு சரிவில் இறங்கச் சால் மேலேறும். தோல் வால் வழியே நீர் தொட்டியில் கொட்டி மண் வாய்க்காலில் ஓடும். விடியலுக்கு முன் தொடங்கி வெயில் ஏறும்வரை நடக்கும் வேலை. ஆழம் குறைந்த கிணறுகளில் ஏற்றம் இதே வேலையைச் செய்தது. வாய்க்கால் மண்ணால் ஆனதால் வழிநெடுகிலும் நீர் கசிந்தது. விவசாயிக்கு அது இழப்பு, பறவைக்கு அதுவே ஆதாயம். மடையில் மடையான் நின்றது. ஓரத்தில் வாலாட்டி நடந்தது. தேங்கிய இடத்தில் மைனாவும் தவிட்டுக்குருவியும் குளித்தன. கோரையில் கானாங்கோழி குஞ்சோடு மறைந்தது. எந்தக் காப்பகமும் அமைக்காமலே கோடைக்காலம் முழுவதும் பறவைக்கு நீர் கிடைத்தது இந்தக் கசிவினால்.

ஏரிப் பறவைகளுக்கு ஊரார் காட்டிய பரிவு இதனின்றும் வேறு. செங்கல்பட்டுப் பக்கத்து வேடந்தாங்கலில் மரங்களில் கூடு கட்டும் நாரை, வக்கா, கொக்கு, அரிவாள் மூக்கன் ஆகியவற்றைச் சுடக் கூடாது என்று ஊரார் கேட்டுப் பெற்ற உரிமையை 1798இல் ஆட்சியர் லயனல் பிளேஸ் ஒப்புக்கொண்டார். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஏரிப் பறவை உரம் தந்தது, காப்பாற்றப்பட்டது. தோப்புப் பறவை பழம் தின்றது, விரட்டப்பட்டது. நந்தவனப் பறவை இரண்டும் செய்யவில்லை, விட்டுவைக்கப்பட்டது. தோட்டம் யாருடையது, எதற்கானது என்பதைப் பொறுத்தே பறவையின் மதிப்பு அமைந்தது.

மாற்றங்கள்

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தென்னார்க்காட்டில் மல்லாட்டை என்று இப்பக்கம் சொல்லும் நிலக்கடலை பரவியது. புதுச்சேரி வழியாகப் பிரான்சுக்குக் கப்பலேறியது. சோளமும் கம்பும் விளைந்த கொல்லைகளில் ஒரு பகுதி அதற்குப் போயிற்று. கடற்கரைப் பக்கம் சவுக்கு வந்தது. விறகு விலை ஏறியதும் பழைய தோப்புகள் பல வெட்டுக்கு இரையாயின.

நாடு விடுதலை பெற்ற பின் மின்சாரம் கிராமத்துக்கு வந்தது. 1950களிலும் 60களிலும் கவலை இருந்த மேட்டில் மோட்டார் கொட்டகை எழுந்தது. வராக நதியின் குறுக்கே வீடூர் அணை 1950களின் முடிவில் கட்டப்பட்டு, கோடைவரை நீர் நிற்கும் ஒரு பெரிய நீர்நிலை இந்த வட்டாரத்துக்குக் கிடைத்தது. ஆனால் நிலத்தடி நீர் கீழே இறங்க, திறந்த கிணறுகள் வற்றி ஆழ்துளைக் குழாய்கள் வந்தன. நீர் இப்போது பூமிக்கடியிலிருந்து குழாய் வழியே நேராகச் செடியின் வேருக்குப் போகிறது. சொட்டுநீர்ப் பாசனத்தில் வீணாவது மிகக் குறைவு; வாய்க்கால் கசிவை நம்பியிருந்த பறவைக்கு அங்கே எதுவும் இல்லை. ஓலைக் கூரையும் ஓட்டு வீடும் மாடி வீடானபோது சிட்டுக்குருவி கூடு வைத்த இடுக்குகளும் மறைந்தன.

பறவை பிடிப்பதும் விற்பதும் ஒரு தொழிலாக இருந்த நிலையை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மாற்றியது. கண்ணி வைத்துக் கௌதாரியும் காடையும் பிடித்து வாழ்ந்த நரிக்குறவர் போன்றோருக்கு வேறு வழி தேட வேண்டியதாயிற்று. பறவையைப் பார்ப்பது ஒரு பொழுதுபோக்காகவும் கல்வியாகவும் ஆனது. சென்னைவாசியான மா. கிருஷ்ணன் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய கட்டுரைகளில் வீட்டுத் தோட்டத்துக் காக்கையும் குயிலும் காட்டு யானைக்கு நிகரான கவனம் பெற்றன. க. ரத்னம் பறவைகளின் தமிழ்ப் பெயர்களைத் தேடித் தொகுத்தார். தைப்பொங்கல் நாட்களில் அவரவர் தோட்டத்திலும் ஏரியிலும் பறவைகளை எண்ணிப் பதியும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதல் நடந்துவருகிறது.

நீர்நிலைகளுக்கும் பாதுகாப்புக் கிடைத்தது. புதுச்சேரியின் ஊசுடு ஏரி 2008இல் பறவைகள் சரணாலயம் ஆயிற்று. மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி 2021 டிசம்பரில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. செஞ்சிக் கோட்டை தொல்லியல் துறையின் காவலில் இருக்கிறது; 2025 ஜூலையில் மராட்டிய இராணுவ நிலக்காட்சிகள் என்ற தொகுப்பில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. கல்யாண மகாலைச் சுற்றி இன்று புல்வெளியும் நிழல்மரமும் பராமரிக்கப்படுகின்றன. மாடத்து வளைவுகளில் மாடப்புறாவும், மதிலின் பொந்துகளில் கிளியும் மைனாவும் தங்குகின்றன. சித்திரை நண்பகலில் பார்வையாளர் மரத்தடியை நாடும்போது, குளக்கரையில் மீன்கொத்தியும் மடையானும் காத்திருக்கின்றன.

வீட்டுத் தோட்டங்களில் பழைய வழக்கம் சிறிய உருவில் தொடர்கிறது. கோடை தொடங்கியதும் மாடியிலும் மதில் மேலும் மண் சட்டியில் நீர் வைக்கிறார்கள். சட்டி அகலமாகவும் ஆழம் குறைவாகவும் இருப்பது நல்லது. நடுவில் ஒரு கல் போட்டால் சிறு குருவியும் இறங்கும். நிழலில் வைத்து நாள்தோறும் கழுவி மாற்ற வேண்டும். காக்கை முதலில் வரும். மைனாவும் கொண்டைக்குருவியும் தவிட்டுக்குருவியும் அதன் பின் வரும். சக்கரக்குளமும் கவலை வாய்க்காலும் செய்த வேலையை இந்த வட்டாரத்தின் பல வீடுகளில் இன்று ஒரு மண் சட்டி செய்கிறது.